அடித்த காசும் வார்த்த காசும்

தபாலில் வந்த காசைப் பத்தர் கையில் வாங்கினார். கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார். "தம்பி, இது அடிச்ச காசு இல்லீங்க. வார்ப்புங்க" என்றார்.

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய காசு. வெளிநாட்டு இணைய ஏலத்தில் 'ரோம டெனாரியஸ், வெள்ளி, பேரரசர் திபேரியஸ், கி.பி. 14-37' என்று போட்டிருந்தார்கள். ஒருபுறம் மாலை சூடிய மன்னன் தலை, மறுபுறம் செங்கோலோடு அமர்ந்த பெண். இதே வகைக் காசுகள் எங்கள் கரூரில் அமராவதி மணலில் கிடைத்தவை. அந்த ஆசையில்தான் வாங்கினேன்.

"எப்படீங்க ஐயா, தடவிப் பார்த்தே சொல்றீங்க?"

"ஓரத்துல அரம் போட்டிருக்குது பாருங்க. ரெண்டு பக்க அச்சுக்கு நடுவுல உலோகத்தை ஊத்துனா விளிம்புல ஒரு கோடு நிக்கும். அதை மறைக்கத்தான் அரம் போடுறது. சம்மட்டியில அடிச்ச காசுக்கு அரம் எதுக்குங்க?"

நகைத் தராசில் வைத்தார். 2.68 கிராம் காட்டியது. திபேரியஸ் காலத்து டெனாரியஸ் நன்றாகத் தேய்ந்திருந்தாலும் மூன்றரை கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். தேயாத காசு 3.7, 3.8 வரை போகும். பத்தருக்கு ரோம வரலாறு தெரியாது. ஆனால் சம்மட்டி அடி வாங்கிய உலோகம் எப்படி இருக்கும், உலையில் உருகி அச்சில் உறைந்த உலோகம் எப்படி இருக்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். உண்மைக் காசைப் பிரித்தறியும் வித்தையில் பெரும்பகுதி இதுதான். காசின் முகத்தை யாரும் நகலெடுக்கலாம். அந்த உலோகம் பட்ட பாட்டை நகலெடுப்பது கடினம்.

திபேரியஸின் இந்தக் காசுக்கு உலகம் முழுக்க வாங்குவோர் உண்டு. காரணம் பைபிள். பேரரசனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன காசு இதுவாக இருக்கலாம் என்று நெடுங்காலமாகக் கருதுகிறார்கள். 'வரிக்காசு' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. இன்றைய பிரான்சில் லியோன் நகரம் இருக்கும் இடத்தில், அன்றைய லுக்தூனம் அக்கசாலையில், அவன் ஆட்சி முழுக்க ஏறக்குறைய ஒரே வடிவில் இது அடிக்கப்பட்டது. அதனால் உண்மைக் காசுகளும் ஏராளம், நகல்களும் ஏராளம்.

நமக்கு இதோடு இன்னொரு உறவும் உண்டு. யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் பேசுகிறது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஷியஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமில் பிளினி குறைப்பட்டுக்கொண்டார். கொங்கு நாட்டில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவையே மிகுதி. கி.பி. 64இல் நீரோ மன்னன் டெனாரியஸின் எடையைக் குறைத்தான். அதுவரை ஒரு ரோம ராத்தலுக்கு 84 காசு என்றிருந்தது, அவனுக்குப் பின் 96 ஆயிற்று. வெள்ளியின் மாற்றும் இறங்கியது. மிளகு விற்ற நம் வணிகர்கள் பழைய கனமான காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். தராசும் உரைகல்லும் தெரிந்தவர்கள் என்பதால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நானும் நம்புகிறேன்.

அந்தக் காசு பிறந்த விதத்தைப் பார்ப்போம். கீழே அடைகல்லில் பதித்த ஓர் அச்சு. அதன்மேல் வட்டமான வெள்ளி வில்லை. வில்லையின் மேல் கையில் பிடித்த இன்னோர் அச்சு. அதன் தலையில் ஓங்கி ஒரு சம்மட்டி அடி. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெள்ளி இளகாமலே ஓடுகிறது. அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது, மிச்சம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரிகிறது. தட்டை செய்யும்போது உருண்டையை வைத்துக் கையால் அழுத்தினால் ஓரம் வெடிக்கிறதல்லவா, அதே கதைதான் வெள்ளிக்கும். விளிம்பு வேகமாக விரியும்போது இழுவை தாங்காமல் கீறல் விடுகிறது. ரோமக் காசு பலவற்றின் ஓரத்தில் உள்நோக்கி ஓடும் வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பின் உட்புறம் கரடுமுரடாக, கிழிந்த உலோகமாக இருக்கும். வார்ப்பு நகலிலும் வெடிப்பு இருக்கும், ஏனென்றால் அது தாய்க் காசிலிருந்து அப்படியே பதிந்து வந்தது. ஆனால் அது கிழிசலாக இராது. அடிப்பாகம் மூடிய, மழுங்கிய ஒரு வாய்க்காலாக இருக்கும்.

பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸை வைத்து, எழுத்துகள் தரையைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். அடித்த காசில், குறிப்பாக விளிம்புப் பக்கம், மெல்லிய வரிகள் வெளிநோக்கி ஓடியிருக்கும். உலோகம் ஓடிய தடம் அது. புதுக் காசைச் சாய்த்துப் பார்க்கும்போது ஒளி சக்கரம்போல் சுழல்வதும் இந்த வரிகளால்தான். உருகி உறைந்த உலோகத்தில் இப்படி ஓட்டம் எதுவும் இராது.

வார்ப்பைப் பற்றித் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவாமிமலையில் மெழுகில் உருச்செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் ஐம்பொன்னை ஊற்றுகிறார்கள். சிலை வெளியே வந்தபின் ஸ்தபதி மாதக்கணக்கில் உளியும் அரமும் வைத்துச் செதுக்கித்தான் கண்ணும் நகையும் கூர்மை பெறுகின்றன. வார்த்த மேனி தானாகக் கூர்மையாக வருவதில்லை. போலிக் காசு செய்பவன் அந்தச் செதுக்கலைச் செய்வதில்லை. அதனால் அவன் காசு குளியலறையில் நாலு நாள் கிடந்த சோப்புபோல் இருக்கும். கூடவே உலோகம் உறையும்போது சிக்கிய காற்று, மேனியில் குண்டூசி முனையளவு குழிகளாகவும், அச்சில் இருந்த குமிழிகள் சில இடங்களில் சிறு மணிகளாகவும் நிற்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். உண்மைக் காசும் தேய்ந்து மழுங்கியிருக்குமே, எப்படிப் பிரிப்பது? தேய்மானம் மேட்டில்தான் விழும், பள்ளத்தில் விழாது. ஆயிரம் கை மாறிய காசில் மன்னனின் கன்னமும் காதோர முடியும் வழவழப்பாகியிருக்கும். ஆனால் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள மடிப்பு, எழுத்தின் உள்மூலை, மாலையின் இலைகளுக்கு இடையிலுள்ள சந்து இவையெல்லாம் கூர்மையாகவே இருக்கும். விரல் அங்கே போகவே முடியாதே! வார்ப்பில் மேடும் பள்ளமும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும். எனக்கு வந்த காசின் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. வாங்குவதற்கு முன்னும் அது அங்கேதான் இருந்தது. நான் மன்னனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பத்தர் பட்டறையிலேயே இன்னொரு சோதனையும் செய்தோம். ஒரு சிறு டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொண்டோம். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினோம். அடியையோ பக்கத்தையோ தொடவிடாமல் தொங்கவிட வேண்டும், ஒட்டிய குமிழிகளை உதறிவிட வேண்டும். தராசு 0.37 காட்டியது. காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 2.68ஐ 0.37ஆல் வகுத்தால் 7.2. வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்பு ஏறக்குறைய 9, வெள்ளீயம் 7.3. என் காசு வெள்ளீயக் கலவையில் வார்த்த நினைவுப் பொருள். நல்ல டெனாரியஸ் 3.70 கிராம் இருந்தால் தண்ணீரில் 0.36 அளவுக்குக் காட்டும், அடர்த்தி பத்துக்கு மேல் வரும். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்துக்குச் செய்த அதே கணக்கு. இத்தனை சின்னப் பொருளில் தராசின் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே விடை மூன்று சதவீதம் ஆடும். அதனால் இந்த முறை வெள்ளியையும் வெள்ளீயத்தையும் பிரிக்கும், நல்ல வெள்ளியையும் சற்றே கலந்த வெள்ளியையும் பிரிக்காது.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று பத்தரைத் தடுத்தேன். காசைத் தரையில் போட்டுச் சத்தம் கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பழைய வெள்ளி அதற்குத் தாங்காது. டெனாரியஸின் வெள்ளியில் சிறிதளவு செம்பு கலந்திருக்கும். மண்ணுக்குள் கிடக்கும் நூற்றாண்டுகளில் அந்தச் செம்பு மெல்ல மெல்லப் பிரிந்து, வெள்ளியின் படிகத் துகள்களுக்கு இடையிலுள்ள எல்லைகளில் போய்ச் சேர்கிறது. அந்த எல்லைகளை ஈரமும் உப்பும் அரிக்கின்றன. வெளியே பார்க்க முழுசாக இருக்கும் காசு உள்ளே கற்கண்டுக் கட்டிபோல் ஆகிவிடுகிறது. கீழே போட்டால் கணீரென்று ஒலிக்காது, சில வேளை இரண்டாக உடைந்தே போகும். இப்படி மந்தமாக ஒலித்த காரணத்துக்காகவே போலி என்று ஒதுக்கப்பட்ட நல்ல காசுகள் இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

இணையத்தில் வாங்கும்போது விரலும் தராசும் நம்மிடம் இல்லை, படம் மட்டும்தான். ஆகவே படத்தை வைத்தே உலோகத்தை விசாரிக்க வேண்டும். எடை எத்தனை கிராம், குறுக்களவு எத்தனை மி.மீ. என்று விற்பவர் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்க வேண்டும். விளிம்பின் படம் தனியாக வேண்டும். போலி வியாபாரி எல்லாப் படமும் கொடுப்பார், இதை மட்டும் கொடுக்கத் தயங்குவார். விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். 'ரெப்ளிகா', 'ரோமப் பாணி', 'ஆராயப்படாதது', 'தாத்தா பெட்டியில் கிடைத்தது' போன்ற சொற்கள் அடியில் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 1973இல் வந்த சட்டப்படி நகல் காசின் மேனியிலேயே 'காப்பி' என்று பொறிக்க வேண்டும். அருங்காட்சியகக் கடைகள் நேர்மையாக விற்கும் நகல்களிலும் ஏதாவது அடையாளம் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவது கைக்குப் போகும்போது யாரோ அதை அரத்தால் தேய்த்துவிடுகிறார்கள். மன்னன் கழுத்துக்குக் கீழேயோ விளிம்பிலோ ஓரிடம் மட்டும் காரணமில்லாமல் வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படம் மட்டுமே தரக்கூடிய வலுவான சாட்சியமும் ஒன்று உண்டு. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் காசு அடிப்பார்கள், ஆகவே உண்மைக் காசுகளுக்குள்ளும் ஒரே முகம், ஒரே எழுத்து வரிசை இருப்பது இயல்பே. ஆனால் ஒவ்வோர் அடியும் தனி. வில்லை ஒருமுறை இடப்பக்கம் நகரும், ஒருமுறை வெடிக்கும், பின்னர் ஒவ்வொரு காசும் தனித்தனியே கீறல் வாங்கும். இரண்டு காசுகளில் அச்சு மட்டுமின்றி, நகர்ந்த அளவும், விளிம்பின் வளைவும், கன்னத்துக் கீறலும் ஒன்றாக இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே. மிகத் தேர்ந்த போலிகள்கூட இப்படித்தான் பிடிபடுகின்றன. எனக்கு விற்றவரின் பழைய விற்பனைகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, அதே திபேரியஸ் அதே நெற்றி வடுவோடு மூன்று முறை விற்கப்பட்டிருந்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்று பெரிய வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓக்ரே' என்ற இணையத் தொகுப்பில் அகஸ்டஸ் தொடங்கி ரோமப் பேரரசின் காசு வகைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தன் காசுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு மாலைப் பொழுது அங்கே உட்கார்ந்து ஐம்பது திபேரியஸ்களைப் பார்த்துவிட்டு ஏலத்துக்குப் போனால் கண் வேறு மாதிரி ஆகிவிடும். சென்னைக்குப் போக முடிந்தவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நம் மண்ணில் கிடைத்த ரோமக் காசுகளையே பார்க்கலாம்.

இதுவரை சொன்னது மட்டமான போலிகளைப் பற்றி. கைதேர்ந்தவர்கள் வார்ப்பதில்லை. அவர்களும் அச்சு வெட்டி, வெள்ளி வில்லை வைத்து, அடிக்கிறார்கள். இத்தாலியின் பதுவா நகரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜொவான்னி தா காவினோ ரோமப் பித்தளைக் காசுகளை அச்சு வெட்டியே அடித்தார். அவருடையவை விற்பனைப் பொருளாக மட்டுமின்றிக் கலைப் பொருளாகவும் இன்று மதிக்கப்படுகின்றன. ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) முந்நூறுக்கும் மேற்பட்ட பழங்காசு வகைகளுக்குத் தன் கையால் அச்சு வெட்டினார். புதுக் காசின் பளபளப்பைப் போக்க, இரும்புத் தூள் நிரப்பிய பெட்டியில் காசுகளைப் போட்டுத் தன் குதிரை வண்டியின் அச்சோடு கட்டி ஊர் சுற்றுவாராம். சில வேளை தேய்ந்துபோன உண்மையான பழங்காசையே வில்லையாக எடுத்து, அதன்மேல் அரிய மன்னனின் முகத்தை அடித்துவிடுவார். அடர்த்தி சரி, உலோகம் சரி, அதன் வயதும் சரி, முகம் மட்டும் பொய். பெக்கரின் அச்சுகள் பின்னர் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அவர் காசுகளை இன்று அச்சோடு ஒப்பிட்டே அடையாளம் காட்ட முடிகிறது. அவர் வழியில் வந்த பிற்காலத்தவர்களின் அச்சுகள் எல்லாமும் அப்படி நம் கைக்கு வந்துவிடவில்லை.

செம்பு, பித்தளைக் காசுகளில் காலத்தின் கையெழுத்து இன்னும் தெளிவாக விழுகிறது. களிம்பைத்தான் சொல்கிறேன். சைவ சித்தாந்தம் உயிரோடு ஒட்டிய மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொல்லும். பிரிக்க முடியாதபடி உடன்பிறந்தது என்று பொருள். வேதியியலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. மண்ணில் கிடந்த செம்பில் உலோகத்தை ஒட்டி முதலில் சிவந்த ஆக்சைடு அடுக்கு உருவாகிறது, அதன்மேல் பச்சைக் கார்பனேட். இந்த அடுக்கு மேலே பூசப்பட்டது அன்று, உலோகமே மாறி உண்டானது. அதனால் கண்ணிமை, தாடி மயிர் முதலிய நுணுக்கங்கள் களிம்புக்குள்ளேயே பதிந்திருக்கும். அமிலமோ உரமோ போட்டு இரண்டு வாரத்தில் வரவழைத்த பச்சையில் அடியில் சிவப்பு இராது, நேரே மஞ்சள் உலோகம் தெரியும். பெயின்ட்டும் பசையும் வைத்துச் செய்த களிம்பு, அசிட்டோன் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நகச்சாயம் அழிக்கப் பெண்கள் வைத்திருக்கும் திரவம் பெரும்பாலும் அதுதான். எழுத்துச் சந்துகளில் பாலைவன மணல் படிந்தாற்போல் ஒட்டிய காசுகளையும் இப்படித் துடைத்துப் பார்க்க வேண்டும். வெளிர்பச்சைத் தூள் மட்டும் தனிச் செய்தி. உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு, ஈரக் காற்றில் உயிர்த்தெழுந்து காசைத் தின்னத் தொடங்கியதன் அறிகுறி அது. அது உண்மைக் காசுக்கும் வரும். வந்த காசை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காமல் உலர்வான இடத்தில் தனியே வையுங்கள்.

நகைக்கடைகளில் இருக்கும் கேரட் மீட்டரில் வைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியைத் திருப்பித் தரும், அதைப் படித்துக் கலவை விகிதத்தைச் சொல்கிறது அந்தக் கருவி. நல்ல கருவிதான். ஆனால் அதன் கண் வெள்ளிக்குள் ஒரு மயிரிழை ஆழம்கூடப் போவதில்லை. மண்ணில் கிடந்த காசின் மேற்தோலிலிருந்து செம்பு கரைந்து வெளியேறியிருக்கும், ஆகவே தோலில் வெள்ளி உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரோம வெள்ளியின் மாற்று பற்றிய பழைய ஆய்வு முடிவுகள் சிலவற்றையே இந்தக் காரணத்தால் திருத்த வேண்டியதாயிற்று. கருவி உதவுவது இம்மி அளவிலுள்ள தனிமங்களில். ரோமர்கள் ஈயத் தாதிலிருந்து வெள்ளியைப் பிரித்தார்கள், அதனால் சிறிது ஈயமும் பொன்னும் பிஸ்மத்தும் கூடவே தங்கிவிட்டன. மின்பகுப்பில் சுத்தம் செய்த இன்றைய வெள்ளியில் அவை இரா. பித்தளையில் துத்தநாகத்தைப் பார்க்க வேண்டும். ரோமர்களுக்குத் துத்தநாகத்தைத் தனி உலோகமாக எடுக்கத் தெரியாது. தாதையும் கரியையும் செம்போடு மூடிச் சுட்டுத்தான் பித்தளை செய்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் ஏறக்குறைய 28 சதவீதத்தைத் தாண்டி ஏறாது. 'ரோமப் பித்தளை' 35 சதவீதம் காட்டினால் அதற்குமேல் விசாரணை தேவையில்லை.

ஈயத்துக்குள் ஒரு கடிகாரமே இருக்கிறது. தாதிலிருந்து பிரித்தெடுத்த புது ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை சிறிது இருக்கும். 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகும். இரண்டு நூற்றாண்டில் அநேகமாகத் தீர்ந்துவிடும். சார்டீனியாக் கடலில் மூழ்கிய ரோமக் கப்பலிலிருந்து எடுத்த 120 ஈயக் கட்டிகளை 2010இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் தங்கள் நிலத்தடி ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். நியூட்ரினோ பற்றிய சோதனைக்கு வெளிக்கதிரைத் தடுக்கும் சுவர் தேவைப்பட்டது, அந்தச் சுவரே கதிர் வீசக் கூடாது. இரண்டாயிரம் ஆண்டு ஓய்ந்த ஈயம்தான் அதற்குப் பொருத்தம். காசில் உள்ள ஈயம் மிகக் குறைவு, நம் வீட்டு டெனாரியஸுக்கு யாரும் இந்தச் சோதனையைச் செய்யப் போவதில்லை. ஆனாலும் உலோகத்துக்கு நினைவு உண்டு என்று எனக்குப் புரியவைத்தது இந்தச் செய்தி.

போலி என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகவும் பயன்படுத்த வேண்டும். ரோமர் காலத்திலேயே செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்தி அடித்த கள்ளக் காசுகள் புழங்கின. போர்வை கிழிந்த இடத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். அவை அன்றைய போலிகள், இன்றைய அரும்பொருள்கள். அவற்றுக்குப் பயந்து வட்டிக்கடைக்காரர்கள் காசின் மேனியில் சிறு முத்திரை குத்தியும் வெட்டியும் பார்த்தார்கள். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. இனி இது பணமாகச் செல்லாது, வெறும் பொன் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது பலர் கருத்து. தென்னிந்தியாவில் ரோமக் காசைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் உண்டு. லத்தீன் எழுத்துத் தெரியாத கை வெட்டிய அச்சு என்பதால் எழுத்துகள் வெறும் கோடுகளாக நிற்கும். இலங்கையிலும் பிற்கால ரோமச் செப்புக் காசுகளைப் போலச் செய்து புழங்கியிருக்கிறார்கள். கரூரிலும் மதுரையிலும் ஆற்று மணலில் கிடைத்த அந்தப் பிற்காலச் செப்புக் காசுகளைத் தேடித் தொகுத்து நூலாக்கினார் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. லத்தீன் தப்பாக இருக்கிறது என்று தூக்கி எறிந்திருந்தால் நம் வணிக வரலாற்றில் ஒரு பக்கமே போயிருக்கும்.

வல்லுநர்களே ஒத்துப்போகாத காசும் இருக்கிறது. 1713இல் திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சில பொற்காசுகளில் 'ஸ்பான்சியன்' என்ற பெயர் இருக்கிறது. அப்படி ஒரு பேரரசனை எந்த வரலாற்று ஆசிரியரும் குறிப்பிடவில்லை. காசோ வார்ப்பு, எழுத்தோ கோணல். போலி என்று முடிவுகட்டி ஒதுக்கிவிட்டார்கள். 2022இல் கிளாஸ்கோ அருங்காட்சியகத்திலிருந்த காசை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், பல திசையில் ஓடும் புழக்கக் கீறல்களையும், அந்தக் கீறல்களின் மேல் இறுகிப் படிந்த மண்ணையும் காட்டி, இது உண்மையே என்று வாதிட்டார்கள். நாணயவியலாளர் பலர் ஏற்கவில்லை, போலியைச் செய்தவனே கீறலும் மண்ணும் வைத்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்த மறுப்பே வலுவாகப் படுகிறது. ஆனால் வாதம் முகத்தை விட்டு மேனிக்கு வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி.

விலையைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக் காசு என்றால் லட்சக்கணக்கில் இருக்கும், மலிவாக வந்தால் போலி என்று நினைக்கிறோம். இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊரருகே 2010இல் ஒரே பானையில் 52,503 ரோமக் காசுகள் கிடைத்தன. ஸ்பெயினின் தோமாரெஸில் 2016இல் குழாய்க்குக் குழி தோண்டியவர்கள் 19 ஜாடிகளில் ஏறக்குறைய 600 கிலோ வெண்கலக் காசுகளைக் கண்டார்கள். 4ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசு ஒன்று ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு உண்மையாகவே கிடைக்கும். அவற்றைப் போலி செய்வதில் லாபம் இல்லை. ஜூலியஸ் சீசர் முகமோ, கிளியோபாட்ராவோ, பளபளக்கும் பொற்காசோ மலிவாக வந்தால்தான் கதவைச் சாத்த வேண்டும். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, முதல் காசு சாதாரணச் செப்புக் காசாக இருக்கட்டும். காசுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தந்து, போலி என்றால் பணத்தைத் திருப்பித் தரும் நாணய வணிகரிடம் வாங்குங்கள்.

காசு உண்மையாக இருந்தும் கேடு வரும். சீசரைக் கொன்ற புரூட்டஸ், கி.மு. 42 வாக்கில் இரண்டு குத்துவாளைப் பொறித்து அடித்த பொற்காசு ஒன்று 2020 அக்டோபரில் லண்டனில் 40 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. காசு உண்மையானது என்றே கருதப்பட்டது. ஆனால் அது யார் யார் கை மாறி வந்தது என்று சொன்ன பத்திரம் பொய் என்று தெரியவந்து, 2023இல் அமெரிக்க அதிகாரிகள் காசைக் கிரேக்க நாட்டிடம் ஒப்படைத்தார்கள். நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமதியுள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'கரூர் ஆற்றில் நேற்று எடுத்தது, எந்த நாட்டுக்கும் அனுப்புவோம்' என்று யாராவது விளம்பரம் போட்டால், ஒன்று காசு பொய், இல்லை அது கைக்கு வந்த வழி குற்றம். ஆற்று மணலிலிருந்து சொல்லாமல் எடுத்து விற்ற ஒவ்வொரு காசோடும், அது எந்த ஆழத்தில், எந்த ஓட்டுச் சில்லோடு கிடந்தது என்ற செய்தி தொலைந்துபோகிறது. போலிக் காசால் என் பணம்தான் போயிற்று. இந்த இழப்பு ஊர் முழுவதற்கும் உரியது.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை ஒரு நாணய வணிகரிடம், ரசீதோடு, இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸின் செப்புக் காசு ஒன்றை வாங்கினேன். விரல் நகத்தளவு. குதிரையிலிருந்து விழும் வீரனை ஈட்டியால் குத்தும் ரோமப் படைவீரன். அதையும் பத்தரிடம் கொண்டுபோனேன். இந்த முறை கண்ணாடி போட்டார். சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அடிச்சவன் கை கொஞ்சம் வழுக்கிருச்சுங்க தம்பி" என்றார். "பாருங்க, குதிரையோட பின்னங்கால் காசுக்கு வெளிய போயிருச்சு."